கறுப்பெண்ணெய் பூசிய எட்டுத் தூண்கள்

சபையில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள், கோயில் கூட்டுகிறவள். ஆனாலும் ஆண்டவர் செய்ததை மறைத்துவைக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1984, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள். மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலுள்ள பழைய ஆங்கிலிக்கன் கோயிலை ஈஸ்டர் முடிந்ததும் உடைப்பது என்று கமிட்டி முடிவெடுத்தது. பலகைக் கோயில்தான். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே தோட்டத்து ஆட்கள் வேலை முடிந்து வந்து கட்டியது. எட்டுத் தூணும் காட்டு மரம். சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துப் போன அன்று எங்கள் ஆண்பிள்ளைகள் பீடத்துக்குப் பக்கத்துத் தூணின் பின்புறம் கத்தியால் பேர் வெட்டிவிட்டுப் போனார்கள். என் அண்ணன் ஞானமுத்துவின் பேரும் அதில் இருக்கிறது. அவன் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்றுகூடத் தெரியாது. எனக்கு அந்தத் தூண்தான் அவன் கல்லறை.

கமிட்டிச் செயலாளர் தேவசகாயம், தோட்டத்துக் கணக்கெழுதிய பழைய கிராணியாரின் மகன். அவர் சுங்கை பெசாரிலிருந்து ஒரு கண்டிராக்டரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் தூணின் அடியைச் சப்பாத்துக் காலால் உதைத்தார். கறுப்புப் பொருக்கு உதிர்ந்தது. "உளுத்துப்போச்சு. எட்டும் போச்சு," என்றார். மரத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

அது உளுத்தது அல்ல. கரையான் ஏறாமலிருக்க என் வீட்டுக்காரர் ஆலை என்ஜினில் வடித்த கறுப்பெண்ணெயை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் பூசுவார். அவர் போன பின் நான் பூசினேன். அத்தனை வருஷத்து எண்ணெயும் தூசியும் மரப்பட்டை மாதிரித் தடித்துக் கிடந்தது.

செயலாளரிடம் சொல்லப் போனேன். பாதி சொல்வதற்குள், "ஆயா, நீங்க கூட்டுறதோட நிறுத்துங்கலா. கட்டடத்த ஆம்பளைங்க பாத்துக்கிறோம்," என்றார். குழாயடியில் அவர் மனைவி எனக்குக் கேட்கும்படியே, "புருஷன் எண்ண பூசுன தாஜ்மஹாலு, விடுவாங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். கோயில் கூட்டும்போதெல்லாம், தேவசகாயத்தின் நாக்கு விழுந்துபோகட்டும் என்றுதான் ஜெபித்தேன். வாரக்கணக்கில் அதே ஜெபம். பிறகு, எனக்காகப் பேச யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன். ஒருவரும் வரவில்லை.

மாதம் ஒருமுறை வரும் குருவானவர் குருத்தோலை ஞாயிறன்று வந்தார். ஆராதனை முடிந்து கோயிலுக்குள்ளேயே கூட்டம். உடைப்பதற்கு அவர் கையெழுத்துப் போடக் காகிதம் தயாராக இருந்தது. ஆண்டவரே, என் வாயைத் திறக்காவிட்டாலும் என் கையையாவது தூக்கிவிடும் என்று கேட்டேன்.

எழுந்தேன். கொண்டுவந்திருந்த பைக்குள்ளிருந்து ரப்பர் மரம் சீவும் கத்தியை எடுத்துத் தூண் அடியைச் சீவினேன். கறுப்பு சுருள் சுருளாக விழுந்தது. உள்ளே சிவப்பு மரம், ஈரம் கூட இல்லை.

"வெளிய அப்படித்தான் இருக்கும். உள்ள மாவாயிருக்கும்," என்றார் தேவசகாயம்.

பையில் கொண்டுவந்த சுத்தியலையும் ஆணிகளையும் அவர் கையில் கொடுத்தேன். "இந்தாய்யா. நீயே அடி." அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

அடித்தார். ஆணி வளைந்தது. இன்னொன்று. அதுவும் வளைந்தது. பின்வரிசையில் யாரோ, "மாவுல ஆணி ஏறலையே, செயலாளரே," என்றார். ஏழு தூணிலும் அதே கதை. எட்டாவது தூண் கோயிலின் பெரிய அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அலமாரியை நகர்த்தி அடித்தபோது அதில் ஆணி தயிரில் இறங்குவதுபோல் இறங்கியது. "பாத்தீங்களா?" என்று அவர் கத்தினார். அது என் தப்பு. தனியாக அலமாரியை நகர்த்த முடியாமல் அந்தத் தூணுக்கு எண்ணெய் பூசாமலே விட்டிருந்தேன்.

குருவானவர் காகிதத்தை மடித்தார். "ஒன்னுதானே? அந்த ஒன்ன மாத்துவோம்."

கோயில் நிற்கிறது. அண்ணன் பேரும் நிற்கிறது. ஆனால் எல்லாரும் சமாதானமானோம் என்று பொய் எழுத மாட்டேன். தேவசகாயம் என்னிடம் பேசுவதில்லை. அவர் மனைவி என்னைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் நான் எண்ணெய் டின்னோடு வரும் நாளில் அவர் வருகிறார். அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறார். இப்போது அவர் பேரைச் சொல்லியும் ஜெபிக்கிறேன், நாக்கைப் பற்றி அல்ல.

நான் கேட்டபடி அந்த நாக்கு விழுந்திருந்தால் எனக்கு என்ன மிஞ்சியிருக்கும்? ஆண்டவர் அந்த ஜெபத்தை ஒதுக்கிவிட்டு, கையைத் தூக்கிவிடும் என்றதைக் கேட்டார். அவருக்கு நன்றி. உங்களுக்கும் யார்மீதாவது கோபம் இருந்தால், அது ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போய் அவர்முன் நில்லுங்கள். எதைக் கேட்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.