சின்ன ர போட்ட பேனர்

என் அப்பா இறந்த அன்று, கம்பைநல்லூர் பஸ் நிறுத்தத்தில் கட்டிய பேனரில் அவர் பிச்சை எடுத்ததாகப் போட்டிருந்தது. நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. "இன்று காலை இரந்தார்" என்று, சாண் உயர எழுத்தில். பெரிய ற போட்டால் செத்தார். சின்ன ர போட்டால் கையேந்தினார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்குத் தெரியவில்லை.

அதுவும் யாரைப் போய்! பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு மண்வெட்டிகூட இரவல் கேட்காத மனுஷனை. மோட்டார் எரிந்துபோன கோடையில் தக்காளிச் செடி அத்தனையும் காய்ந்தது. அடுத்த கிணற்றில் தண்ணீர் கேட்கமாட்டேன் என்றுவிட்டார். அந்த வீம்புக்காக நானும் அம்மாவும் அவரைத் திட்டாத நாளில்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன்.

"செத்த வூட்டுல வந்து எழுத்துக்கூட்டிட்டு நிக்கறே. ஆரு படிக்கறா? போட்டோவத்தான் பாப்பாங்க" என்றார். வண்டியின் முன்னால் 'தமிழன்டா' என்று ஒட்டியிருப்பவர் அவர்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நான் எழுதிக் கொடுத்த தாள் அங்கேயேதான் கிடந்தது, பெரிய ற போட்டு. அவன் இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, கம்ப்யூட்டர் முதலில் காட்டியதை அமுக்கியிருக்கிறான்.

"ரெண்டும் ர தானுங்களே அக்கா? சத்தம் ஒன்னுதானே?"

"அர்த்தம் வேறடா!"

"காதுகுத்து பேனர் ஓடிட்டு இருக்குதுங்க. சாயங்காலமா வாங்க."

பன்னிரண்டு மணிக்கு அப்பாவை எடுக்கிறார்கள். வருகிற சனம் மொத்தமும் அந்த நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும். அந்த முட்டாளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். கேட்டால் சாயங்காலமும் கிடைக்காது. இரண்டு கையையும் கூப்பினேன்.

"அண்ணா, கெஞ்சிக் கேக்கறேன். எங்கப்பாவுக்காக, அந்த ஒரு எழுத்து மட்டும்."

என்னைவிடப் பத்து வயது சின்னவன். அண்ணனாம், அண்ணன்!

மகாராஜா மனமிரங்கி, ஒரு ஸ்டிக்கரில் பெரிய ற அடித்து வீசினான். நிறுத்தத்து டீக்கடையில் ஸ்டூல் கேட்டு வாங்கி, ஏறி நின்று நானே ஒட்டினேன்.

பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் சரியாகத்தான் படித்தார்கள். அப்பா இறந்தார். அன்று காலை இரந்தது நான்.