அறுபது கேட்டவருக்கு இருபது

என்ஜின் சிலிண்டர் துளைய வெட்டிப் பெருசாக்குற, அதான் போர் பண்ற தொழில்ல ஒரே ஒரு சங்கடம், வெட்டுன இரும்பு திரும்ப வளராது. பழைய கார் வச்சுக்கிட்டுத் தவிக்கிற ஒங்களுக்கு இத நான் சொல்லணுமா என்ன.

அட்டன்ல என் லேத் பட்டறைக்கு ராகலை சேவியர் அண்ணன் ஒரு என்ஜின் புளொக்கோட வந்தாரு. கல்யாணத்துக்கு வாடகைக்கு, ஹயர் ஓட்டுற பழைய இங்கிலீஷ் காரோடது. அது போச்சுன்னா வேற புளொக் எங்கயும் கிடைக்காது. மூணு வாரத்துல பூண்டுலோயாவுல அவரு தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் கார்லதான் பொண்ணு மாதா கோயிலுக்குப் போகும்னு வாக்குக் குடுத்திருந்தாரு.

பேரம்

பிஸ்டன் ஓடுற நாலு துளையும் தேஞ்சு வட்டம் கெட்டிருந்திச்சு. அளந்து பாத்ததுல இருபது வெட்டுனாப் போதும். இருபதுன்னா அங்குலத்த ஆயிரமாப் பிரிச்சு அதுல இருபது பங்கு. தேஞ்சது போற அளவுக்குத்தான் வெட்டணும், மிச்சம் அடுத்த தடவைக்கு.

அண்ணனுக்கு அது பத்தல. அறுபது வரைக்கும் பிஸ்டன் வருதாமே, துளை பெருசானா ஏத்தத்துல நல்லா இழுக்குமேன்னாரு. பழைய வார்ப்பு, சுவர் எங்க மெலிசுன்னு தெரியாது, ஓட்ட விழுந்தா சுத்தி ஓடுற தண்ணி உள்ள வந்துரும்னு அரை மணி நேரம் மல்லுக்கட்டுனேன். கடைசியில எறங்கி வந்தாரு. எங்க பக்கம் கைத்தொழில்காரன் எல்லாரும் 'பாஸ்'தான்.

"சரி பாஸ், நாப்பது போடுங்க. ஒங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

பிஸ்டன் வேட்டை

ஒருவழியா இருபதுக்குச் சம்மதிச்சாரு. ஆனா இப்பவே வெட்டுங்க, பிஸ்டன அப்புறம் தேடிக்கிறேன்னாரு. பெட்டியில இருபதுன்னு போட்டிருந்தாலும் ஒவ்வொண்ணும் முடியளவு வித்தியாசப்படும். பிஸ்டன் கைக்கு வந்தாதான் அதுக்கேத்த துளை போடலாம். அதுவரைக்கும் மெசின தொடமாட்டேன்னுட்டேன். திட்டிக்கிட்டே போனாரு.

நாள் போகப் போக எனக்கும் உள்ளுக்குள்ள பயந்தான். கிடைக்காமப் போனா கல்யாணத்தக் கெடுத்த பாவி நான்தானே. எட்டு நாள் இருக்கையில வந்து மேசையில பெட்டிய வச்சாரு. கொழும்பு பூரா அலைஞ்சிருக்காரு.

"மாப்பிள்ளை தேடவே நாங்க இவ்வளவு அலையல பாஸ்."

கோயில் வாசல்

இருபதுலயே நாலு துளையும் சுத்தமா வந்திருச்சு. என்ஜின பூட்டிக் குடுத்து, பிஸ்டன்ல மாட்டுன புது ரிங் படியிற வரைக்கும் வேகமா மிதிக்காதீங்கன்னு சொல்லி அனுப்புனேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். அதுவரைக்கும் என் பேச்ச மதிக்காத மனுசன், அத மட்டும் வேதவாக்கா எடுத்துக்கிட்டாரு.

ஏத்தம் பூரா பொண்ணு கார் ஊர்ந்திருக்கு. பின்னால மூணு வேனும் ஒரு பஸ்ஸும் ஹாரன் அடிச்சே ஓஞ்சு போயிருக்கு. கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாரு, போயி பாத்தா கோயில் வாசல்ல மாப்பிள்ளை வேர்த்துப்போயி நிக்கிறாரு. பொண்ணுக்கு இஷ்டமில்லையோன்னு அவங்க வீட்டு ஆளுங்க குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு கார் வந்து நின்னிச்சு. என்ஜின் சத்தம் அவ்வளவு சுத்தம், எனக்குச் சந்தோசம் தாங்கல. பொண்ணு எறங்கி நேரா எங்கிட்டத்தான் வந்திச்சு.

"மெதுவா போகச் சொன்ன பாஸ் நீங்கதானே? மாப்பிள்ளை மூஞ்சியப் பாருங்க. ஏன் லேட்டுன்னு போயி நீங்களே சொல்லுங்க."

இரும்ப எவ்வளவு வெட்டணும்னு அளக்க எங்கிட்ட கருவி இருக்கு, ஒரு மனுசன்கிட்ட எவ்வளவு சொல்லணும்னு அளக்கத்தான் ஒண்ணும் இல்ல.