தெரியும் என்று சொன்ன குற்றம்

என் கணவர் துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்கும் வேலை. அப்போது நாங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கல்மண்டபம் பகுதியில் குடியிருந்தோம். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியும் அவருடைய கம்பெனியில் மேலதிகாரி வெள்ளைக்காரர்தான்.

கீழே நின்று சைகை காட்டுபவர் அவருடைய தோஸ்து. அடுத்த சந்தில் இருந்த முஸ்லிம் குடும்பம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சமயம் கைச்சைகைகளைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். ஒரு நாள் காலை அவர் நிறுத்தச் சொல்லிக் கை காட்ட, என் கணவரின் கை இறக்கும் பக்கம் போய்விட்டது. மூட்டைக்கட்டு தோஸ்தின் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி விசாரணையில் மொழிபெயர்க்கப் போகிற குமாஸ்தா முந்தின நாளே வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர்.

"தொரை ரெண்டு வார்த்தையில ஒண்ணைத்தான் எழுதுவார். எரர்னா, முறையே தெரியாம செஞ்சது. மிஸ்டேக்னா, முறை தெரியும், ஆனா கை தவறிடுச்சு. எரர்னு எழுதினா உங்க வேலை போகாது."

அவர் போனதும் நான் கெஞ்சினேன். "புது சைகை தெரியாதுன்னு சொல்லிட்டு வாய்யா. இன்னா கொறஞ்சிடும்?"

"எனக்கு அந்த சைகைய சொல்லிக் குடுத்ததே அவன்தான். தெரியாதுன்னா, அவன் ஒழுங்கா சொல்லிக் குடுக்கலன்னு ஆவும். காலும் போயி, கெட்ட பேரு வேற வாங்கணுமா அவன்?"

மறுநாள் அவர் "தெரியும் சார்" என்றார். வின்ச்சிலிருந்து இறக்கி மூட்டை தூக்க அனுப்பிவிட்டார்கள். அதையாவது தாங்கியிருப்போம். அவர் சொன்னது எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தபோது வேறாகியிருந்தது. துரையின் இங்கிலீஷில் கை தவறியவர், எங்கள் தமிழில் தெரிந்தே மூட்டையைப் போட்டவர் ஆகிவிட்டார்.

கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோஸ்தின் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாத்துக்கு வந்த? தெரிஞ்சுதான் பண்ணேன்னு உன் புருசனே சொல்ட்டானாமே!"

"இல்லக்கா, சைகை தெரியும்னுதான்..." இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

உள்ளேயிருந்து தோஸ்தின் குரல் வந்தது. "அவள வுடு உள்ள. மூட்டை எறங்கும்போது அவன் போட்ட கூச்சல் இன்னும் என் காதுல கீது. தெரிஞ்சு போடறவன் அப்டியா கத்துவான்?"

அவள் வழிவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தோஸ்து வீடு திரும்பிய பிறகு என் கணவர் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். அவர்களுக்குள் எதுவும் மாறவில்லை. அவள் மட்டும் குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அவளிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஒற்றைக்காலோடு இருக்கும் மனுஷனைத் தூக்கி உட்கார வைக்கிறவள் அவள்தானே.