முதலாளி கேட்ட புள்ளிக்கோழி

அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவுக்கு உலகத்தில் ஆகவே ஆகாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது ஷேடு மாறுவது. முதலிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் லேபில் அவருக்கு வேலை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய துண்டுத் துணியையும் பட்டறையில் சாயம் ஏறிய துணியையும் சன்னலோரம் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். கொஞ்சம் மாறியிருந்தாலும் உதட்டைப் பிதுக்குவார். வீட்டில் சாம்பார் நேற்றைவிட வெளுத்திருந்தாலும் அதே பிதுக்கல்தான். "ஏன்டா, சாம்பாருக்கும் பையர் வர்றானாக்கும்?" என்பாள் அம்மா. அவளும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள்தான். ஆனால் வேலையை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரத் தெரிந்தவள்.

அப்பேர்ப்பட்ட மாமா கோழி வளர்க்கப் புறப்பட்டதற்குக் காரணம் அவருடைய முதலாளி. அவர் அவிநாசி ரோட்டில் புது பங்களா கட்டியிருந்தார். அதன் தோட்டத்தில் புறாச் சாம்பல் நிறத்தில், ஒரே மாதிரியாக ஒரு மந்தை கொண்டைக்கோழி திரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை. பட்டறையில் சாய மாஸ்டர் இடம் அந்த வருஷம் காலியாகப் போகிறது என்று பேச்சு. கோழி அமைந்தால் மாஸ்டர் வேலையும் அமைந்துவிடும் என்று மாமா நம்பினார். அவரைவிட அம்மா அதிகமாக நம்பினாள்.

கொண்டைக்கோழி என்றால் தலையில் ஒரு பெரிய இறகுப் பந்து. அது கண்ணை மறைப்பதால் தீனித் தட்டைத் தாண்டிப் போய்ச் சுவரைக் கொத்தும். மாமா கோயம்புத்தூரிலிருந்து சாம்பல் சேவல் ஒன்றும் சாம்பல் பெட்டை ஒன்றும் வாங்கி வந்தார். மார்பு அகலம், முதுகு நேர், கொண்டை உருண்டை என்று பார்த்துப் பார்த்து எடுத்தது. அடைகாக்கவும் அதுகளுக்கு உடம்பு வணங்காது. முட்டைகளை நாட்டுக்கோழிக்கு வைத்தோம்.

குஞ்சுகள் பொரிந்து இறகு மாறியபோது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாம்பலுக்கும் சாம்பலுக்கும் பிறந்ததில் பாதிதான் சாம்பல். மற்றவற்றில் சில அட்டைக் கருப்பு. சில வெள்ளை உடம்பில் மையை உதறிவிட்டது போலப் புள்ளி புள்ளியாக. மறுபடி வைத்தார். மறுபடியும் அதே கூத்து. "மொத்த லாட்டே ரிஜெக்ட், அக்கா" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ரிஜெக்ட் ஆனவை ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பாயின. அதில் ஒரு புள்ளிப் பெட்டைக்காக நான் அழுது புரண்டேன். அதன் கொண்டையைப் பனியன் வேஸ்ட்டில் கிழித்த நாடாவால் தூக்கிக் கட்டி, கண் தெரியும்படி செய்து வைத்திருந்தேன். அது என்னைப் பார்த்த கோழி. அதைச் சட்டிக்கு அனுப்ப முடியுமா? "செகண்ட்ஸ்தான கண்ணு, நீயே வெச்சுக்க. இனி அது உன்றது" என்றார் மாமா. கருப்புச் சேவல் ஒன்றையும் அம்மா அறுக்க விடவில்லை. அது எங்கள் காவல் தெய்வம் கருப்பராயனுக்கு நேர்ந்துகொண்டது. அக்கறையில்லாமல் இரண்டையும் ஒரே கூண்டில் போட்டுவைத்தோம்.

அந்தக் கூண்டு முட்டைகளை நான்தான் விளையாட்டாக அடை வைக்கச் சொன்னேன். பொரிந்து வளர்ந்தது அத்தனையும் சாம்பல். ஒன்றுகூடத் தப்பவில்லை. மாமா ஒவ்வொன்றாகத் தூக்கிச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கருப்பும் வெள்ளையும் கலந்தா சாம்பல்தான மாமா? பெயின்ட் டப்பா வெச்சிருக்கற எல்லாத்துக்கும் தெரியுமே" என்றேன்.

மாமாவுக்கு அது தோன்றியிருக்க வழியே இல்லை. சாயத்தில் வெள்ளை என்று ஒன்று கிடையாது. துணிதான் வெள்ளை. சாம்பல் வேண்டுமென்றால் கருப்பைக் குறைத்துப் போடுவார்கள். வாழ்நாளெல்லாம் வெள்ளையை வெறும் துணியாகவே பார்த்தவர், அதை ஒரு நிறமாக எண்ணவே இல்லை. கோழிக்குள் நடப்பது பெயின்ட் கலக்கும் வேலை அல்ல என்று பிற்பாடு நானும் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு நான்தான் வீட்டில் பெரிய விஞ்ஞானி. கருப்பராயன் வேறொரு கருப்புச் சேவலை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

முதலாளி காரில் வந்தார். சாம்பல் மந்தையைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். மாமா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இதுக ஒன்னோட ஒன்னு சேந்தா மறுக்கா கலரு கலைஞ்சு போயிருமுங்க. ஒரே ஷேடு வேணும்னா அந்த ஜோடிதானுங்க" என்று கூண்டைக் காட்டிவிட்டார்.

"அப்ப அந்த ஜோடியவும் கார்ல ஏத்திருப்பா."

"சேவல எடுத்துக்குங்க. பெட்டை பாப்பாவோடதுங்க. அவளக் கேக்கோணுங்க."

முதலாளி சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, பெரிய மனுஷியிடம் கேட்பது போலவே கேட்டார். "கண்ணு, ஐயா உன்ற கோழியக் கேக்கறாரு. குடுக்கறயா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, கொடுத்துவிடு என்று தலையைத் தலையை ஆட்டினாள். நான் கூண்டைத் திறந்து கோழியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "மாட்டேனுங்க" என்றேன்.

"கொழந்தைகிட்ட என்னப்பா கேட்டுக்கிட்டு? நாளைக்கு மறந்துரும்" என்றார் முதலாளி. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது.

"அவ குடுக்கலீங்கறாளுங்க" என்றார் மாமா. என் இடுப்பிலிருந்த கோழிப் பக்கம் அவர் கை வரவில்லை.

முதலாளி சாம்பல் கோழிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். மாஸ்டர் இடத்துக்கு வேறு ஆள் வந்தார். அம்மா சில நாள் மாமாவோடு பேசவில்லை. மாமா எப்போதும்போல் என் கோழிக்கும் சேர்த்துத் தீனி வாங்கி வந்தார். அந்தப் பேச்சை அவர் ஒரு நாளும் எடுக்கவில்லை. நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகுதான் அன்று அவர் என்னைக் கேட்டதன் அருமை உறைத்தது. இந்தப் பிறவியில் எனக்குக் கிடைத்தவற்றில் அதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். மாமாவுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. என் கோழி, என்னைக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன், விட்டுவிட்டார்கள். எல்லா வீட்டிலும் பெண் பிள்ளைகளை இப்படித்தான் கேட்பார்கள், சொன்னால் இப்படித்தான் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.