எட்டுத் தாழ்ப்பாள் மூடி

ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கிறேன். ஓய்வு நேரத்தில் போர்க்கப்பல்களின் சிறு மாதிரிகள் செய்வேன். கொடிமரக் கயிறுகளுக்குத் தறியில் மிஞ்சிய பட்டு இழைதான். ஒரு திருகாணிகூடத் தவறாக இருக்கக் கூடாது என்பது என் திமிர்.

போரில் தீப்பிடித்த ஒரு கப்பலை ஒரு வருடம் உழைத்துச் செய்தேன். அதில் வேலை பார்த்த ஒருவர் கலசப்பாக்கத்தில் இருப்பதாகத் தெரிந்ததும், பிழை பார்த்துச் சொல்லும்படி எடுத்துப் போனேன். ஆசையாகத் தடவிக்கொண்டே வந்த பெரியவரின் விரல் எஞ்சின் அறையின் மேல்மூடியில் நின்றது.

"இது தொறந்துகினு இருக்குதே."

"போட்டோவுல அப்படித்தான் இருக்குது சார்."

"தீப்பிடிச்ச அன்னிக்கு மூடியிருந்துச்சு. தீ பரவக் கூடாதுன்னு மேலருந்து உத்தரவு. நான்தான் மூடினேன். உள்ள மூணு பேரு தட்டிகினே இருந்தாங்க."

காபி கொண்டுவந்த அவர் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நானோ நோட்டை எடுத்து, "மூடிக்கு எத்தினி தாழ்ப்பாள் சார்?" என்று கேட்டேன்.

"எட்டு," என்றார். எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எட்டுத் தாழ்ப்பாளோடு மூடியைப் பசை போட்டு ஒட்டி, படம் பிடித்து அவருக்கே அனுப்பினேன். மறுநாள் அவர் மனைவி போனில் அழுதார். "அந்தப் படத்தையே பாத்துகினு இருக்காரு தம்பி. அதைக் கொஞ்சம் தொறந்துடச் சொல்றாரு."

கத்தியால் நெம்பினேன். மூடி வரவில்லை, மேல்தளம்தான் உடைந்தது.

இப்போது யாரைப் பார்க்கப் போனாலும் நோட்டு எடுத்துப் போவதில்லை. வாரம் தவறாமல் பெரியவர் போன் செய்து கேட்கிறார். "தொறந்துதான் இருக்குது சார்" என்று பொய் சொல்கிறேன்.