கயிற்றின் கண்ணைப் பிரித்த காவலர்

வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்த நாட்களில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக்கூடாது. போனால் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் போகிறதாம். எங்களுக்கே அரை வயிறு. இதில் யாருக்கு அள்ளிக் கொடுப்பது?

அப்போது என் வீட்டுக்காரர் தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் கால் ஒடிந்து கிடந்தார். எங்கள் மலைச்சரிவு சுமையோடு இறங்க முடியாத செங்குத்து. பறித்த கொழுந்தை மூட்டை கட்டி, கயிற்று நுனியில் இருக்கும் கொக்கியில் மாட்டி, மேலிருந்து சறுக்க விடுவோம். கீழே ஒருவர் நின்று பிடித்துக் கழற்ற வேண்டும். கங்காணி அந்தக் கொக்கியை வெறும் முடிச்சில் கட்டியிருந்தார். பனியில் நனைந்த முடிச்சு நழுவி, மூட்டை உருண்டு வந்து இவர் காலில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் இடத்தில் நிற்கச் சொன்னது அவர் தங்கையை, என் நாத்தனாரை. "முடிச்சு போட்ட கயித்துக்குக் கீழ நா நிக்கமாட்டேன் அண்ணி. அண்ணன் கண்ணு போட்டுக் குடுத்தா நிக்கிறேன்லா" என்று ஒரே பிடியாக நின்றாள். அந்தப் பயம் நியாயமானதுதான். கண் என்றால் முடிச்சே இல்லாமல் கயிற்று நுனியை வளைத்து அதற்குள்ளேயே பின்னும் வளையம்; அது நழுவாது. கயிற்றை ஆஸ்பத்திரிக்கே சுமந்துகொண்டு போனேன். அவர் படுத்தபடியே நுனியின் மூன்று புரிகளையும் பிரித்து, கொக்கி வளையத்துக்குள் விட்டு வளைத்து, கயிற்றின் உடம்புக்குள்ளேயே செருகிச் செருகிப் பின்னினார். நுனி எங்கே போனதென்றே தெரியவில்லை. எப்படிப் போட்டார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வாசலில் புதிதாக வந்திருந்த மலாய்க் காவலர் கயிற்றைத் தடவிப் பார்த்தார். பின்னிய இடம் பருத்திருந்தது. "பெராஸ்?" என்றார். அரிசியாம்! கயிற்றுக்குள் அரிசி கடத்தும் சாமர்த்தியம் இருந்தால் நான் ஏன் கொழுந்து பறிக்கிறேன்? எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் தரையில் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி நாத்தனார் எதை நம்பிக் கீழே நிற்பாள்? ஆனாலும் அவர் விரல்களை விட்டு என் பார்வை நகரவில்லை. அரிசி சிந்திவிடுமோ என்பதுபோல் ஒவ்வொரு புரியாக நிதானமாக உருவினார். கடைசியில் செருகியது முதலில் வந்தது. ஒரு புரிக்கு மேலே ஏறி, அடுத்த புரிக்கு அடியில் நுழைந்து, மூன்றும் அதே முறையில் போயிருந்தன. ஆஸ்பத்திரியில் நான் பார்க்காமல் விட்டதை இந்த மனிதர் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒன்றுமில்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று. "மாஆஃப், காக்" என்று அக்கா முறை சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"முடிச்சு போட்டுட்டு கெளம்புமா, நேரமாவுதுலா!" என்று கங்காணி சத்தம் போட்டார்.

"உங்க முடிச்சாலதான் ஒருத்தர் ஆஸ்பத்திரில கெடக்குறாரு" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

காவலர் கொக்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் கூரான தேயிலைக் குச்சியால் புரிகளுக்கு நடுவே வழி பண்ணி, அவர் உருவிய வழியிலேயே திரும்பிப் போனேன். ஓரிடத்தில் தப்பாக நுழைத்தபோது தலையை ஆட்டி வேறு இடத்தைக் காட்டினார். பிரித்தவருக்குத் தெரியாதா? முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் தொங்கி இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

நாத்தனாரிடம் எதையும் மறைக்கவில்லை. "அண்ணன் போட்டது போச்சு, இது நா போட்டது. மொத மூட்டைக்குத் தள்ளியே நின்னு பாரு" என்றேன். அவள் இறங்கிப் போனாள். சரிவு முழுக்க மூடுபனி. கீழே அவள் இருப்பதே தெரியவில்லை. மூட்டையைக் கொக்கியில் மாட்டி விட்டேன். கயிறு விறைத்தது, அப்புறம் தளர்ந்தது. மூட்டை தொப்பென்று விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். கேட்கவே இல்லை. அவள் பிடித்துவிட்டாள்.

"தள்ளி நிக்கச் சொன்னேனேடி!" என்று கத்தினேன்.

"கண்ணு போட்டது எங்க அண்ணிலா! நா எதுக்குத் தள்ளி நிக்கணும்?" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

கயிற்றை மேலே இழுத்துக்கொண்டே அழுதேன்.