உப்புப் போட்ட வருஷம்

"எங்கம்மா ரெசிபி, சாப்பிட்டுப் பாரு," என்று ரோஸி டப்பாவைத் திறந்தாள். நெய்யும் ஏலக்காயும் கமழ்ந்தன. அது என் அம்மாவின் பிஸ்கட் வாசம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதில் செகந்திராபாத்தில் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பிசைந்த மாவைத் தட்டில் அடுக்கி, பேக்கரி அடுப்பில் சுட்டு வாங்குவோம். பக்கத்து வீட்டு ரோஸியின் அம்மா வருஷா வருஷம் எங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு, தன் டால்டா பிஸ்கட்டை விட்டுப்போவாள். கேட்டால், "ஹவ், ஆமா, மாறிடுச்சு போல," என்பாள்.

ஒரு வருஷம் அம்மா சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிப் பிசைந்தாள். அந்தத் தட்டும் போனது. பண்டிகையன்று அவர்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் பாதிரியார் கடித்துத் துப்பினார்.

"ஐயோ ஃபாதர், இது பக்கத்து வீட்டுத் தட்டு!" என்று அலறினாள் ரோஸியின் அம்மா. என் அம்மா நிதானமாக டீயைக் குடித்தாள்.

இப்போது ரோஸியின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன்.

"உங்கம்மா ரெசிபின்னா உப்பு எங்கடி?"

ரோஸி டப்பாவை மூடினாள்.